வலது முட்டியும் வலது தண்டும்

போன ஞாயிற்றுக்கிழமை காலை, பஸ் நிற்கிற இடத்துக் காப்பி கிளப்பின் மாடியிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தேன். ஒரு கை சுவரில். ஒரு படிக்கு ஒரு கால், அதே படிக்கு மறு கால், அப்புறம் அடுத்த படி... புதுப் பெண் மணவறைக்குப் போகிற மாதிரி.

கீழே உட்கார்ந்திருந்த ஒருவர் இந்தப் பத்தியை வாராவாரம் படிக்கிறவராம். இட்டிலியைப் பாதியில் நிறுத்திவிட்டு உரக்கக் கேட்டார்.

"இன்னா மாஸ்டர்! ஊர்ப் பசங்களையெல்லாம் ஓட வுடுறீங்க. நீங்க செவுத்தப் புடிச்சிக்கினு இறங்குறீங்க. நல்லா கீதே நியாயம்!"

கிளப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். வேறு என்ன செய்வது? ஆனால் அதற்கான பதில், இட்டிலி ஆறுவதற்குள் சொல்லி முடிக்கிற பதில் இல்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

புதிதாகப் படிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. காஞ்சிபுரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் நான் டிரில் மாஸ்டர். எங்கள் தமிழ்ப் பண்டிதருக்கு இது இன்னும் ஜீரணமாகவில்லை — டிரில் மாஸ்டர் பத்திரிகையில் எழுதுவதாவது! விசில் ஊதுகிற வாய்க்கு இலக்கணம் எதற்கு என்பது அவர் கட்சி. இருக்கட்டும்.

என் வலது முட்டி கெட்டுப்போனது ஒரு சடுகுடு ஆட்டத்தில். எதிர்க்கட்சிக்காரர்கள் நாலைந்து பேர் சேர்ந்து என் வலது காலை ஒரு திசையில் கொண்டுபோனார்கள். நான் வேறு திசையில் போனேன். அப்போது எனக்குக் கல்யாணமாகிச் சில மாதங்கள்தான். ஆஸ்பத்திரி டாக்டர் அமுக்கிப் பார்த்தார். "உள்ளே ஜவ்வு கிழிஞ்சிருக்கு. வீக்கம் வடியும், நடமாடுவீர். ஆனா இது பழைய முட்டி ஆகாது. திருகாமப் பார்த்துக்கும்" என்றார்.

நடமாடுவீர் என்பதை மட்டும் காதில் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

டிரில் மாஸ்டருக்கு வைத்தியம் ஒன்றுதான் தெரியும். வலிக்கிற இடத்துக்கு வேலை கொடு! அடி உதவுகிற மாதிரி அண்ணன் தம்பி உதவ மாட்டான் என்கிற பழமொழியை என் முட்டியிடமே பிரயோகித்தேன். தினம் விடிகிற நேரத்தில் சைக்கிளை மிதித்துக்கொண்டு பிள்ளையார்பாளையத்து மல்யுத்தக் கோதாவுக்குப் போவேன். செம்மண்ணை நெற்றியில் தொட்டு வைத்துக்கொண்டு, தரையோடு தரையாகக் குந்தி எழுகிற பஸ்கி. வலித்தால்? இன்னும் கொஞ்சம் பஸ்கி. வீங்கினால்? விளக்கெண்ணெய் தடவிக்கொண்டு மறுபடி பஸ்கி. பல வருஷம் இப்படி ஓடியது. முட்டி திருந்தவில்லை. நானும் திருந்தவில்லை.

இதெல்லாம் என்னோடு போயிருந்தால் பத்தி எழுதுகிற அளவுக்கு ஒன்றுமில்லை. விஷயம் எங்கள் பெருமாளிடம் போய் நின்றது.

எங்கள் தெருக்கோடியில் ஒரு சின்னப் பெருமாள் கோயில். பெரிய கோயில் கருட சேவைக்கு வருகிற கூட்டத்தில் நூறில் ஒரு பங்கு இங்கே வராது. ஆனால் எங்களுக்கு அவர்தான் பெருமாள். வைகாசியில் அவரும் கருடன்மேல் ஏறி நான்கு வீதியும் வருவார். சுமப்பவர்கள் நாங்கள்தான் — நெசவாளிகள், செவிலிமேட்டு விவசாயிகள், கடைக்காரர்கள், ஒரு டிரில் மாஸ்டர். வாகனத்துக்கு அடியில் இரண்டு நீளத் தண்டு. இடது தண்டில் ஒருவன் தோள் கொடுத்தால், அவனுக்கு நேர் எதிரே வலது தண்டில் அதே உயரத்தில் ஒருவன் நிற்க வேண்டும். மட்டம் தப்பினால் பெருமாள் சாய்ந்துவிடுவார். அதனால் எங்களை ஜோடி ஜோடியாகத்தான் சேர்ப்பார்கள், வண்டி மாடு பூட்டுகிற மாதிரி.

என் ஜோடி, பின்தெரு நெசவாளி குப்புசாமி. ஊரார் வைத்த பெயர் நெட்டைக் குப்புசாமி. அவன் உயரத்துக்கு எங்கள் கூட்டத்தில் நான் ஒருவன்தான் உண்டு. அவன் இடது தண்டு, நான் வலது தண்டு.

எங்களுக்குள் ஒரு வழக்கம் இருக்கிறது. தண்டுக்குக் கீழே நின்றுகொண்டு சில வார்த்தைகளைச் சொல்லவே கூடாது. கனம் — கூடாது. வலி — கூடாது. முடியவில்லை — மூச்! உலகத்தைச் சுமக்கிறவரைச் சுமந்துகொண்டு 'கனக்கிறார்' என்று சொல்வது எவ்வளவு பெரிய அபசாரம்! ரொம்பக் கனத்தால், "பெருமாள் சந்தோஷமா இருக்காரு" என்போம். தோள் மாற்ற வேண்டுமென்றால், "பெருமாளுக்குக் கொஞ்சம் காத்து வரட்டும்." அவ்வளவுதான்.

அழகான வழக்கம். நான் குறை சொல்லவில்லை. ஆனால் பங்குனியிலேயே நாங்கள் ஒத்திகை ஆரம்பித்துவிடுவோம். சாயங்காலம் ஓரிக்கைப் பக்கம் பாலாற்றில் வெறும் தண்டைக் கட்டி, மேலே மணல் மூட்டைகளை அடுக்கித் தூக்கி நடப்போம். மேலே இருப்பது சாட்சாத் பாலாற்று மணல். அதையும் கனம் என்று ஒருவனும் சொல்ல மாட்டான். "மணல் இன்னிக்கு ரொம்ப சந்தோஷமா கீதுபா!" என்பான்.

இந்த வருஷம் குப்புசாமிக்கு ஒத்திகையில் ஒரு தனி வேகம். காரணம் இருந்தது. தையில் அவனுக்குப் பெண் குழந்தை பிறந்தது. பிறந்த சில நாளிலேயே காய்ச்சல். பால் இறங்கவில்லை, அழக்கூடத் தெம்பில்லை. வைத்தியர் கையை விரித்துவிட்டார். குப்புசாமி ஈர வேட்டியோடு கோயிலில் போய் விழுந்து, "பொண்ணு பொழைச்சா கருட சேவைக்கு நாலு வீதியும் தோள மாத்தாம தூக்கறேன்" என்று வேண்டிக்கொண்டான். குழந்தை பிழைத்தது. இப்போது தெருவுக்கே கேட்கிற மாதிரி அழுகிறது.

அப்படிப்பட்டவனுக்கு ஜோடி நான்.

சித்திரை முதல் வாரத்து ஒத்திகை. மேட்டைச் சுற்றித் திரும்பினோம். வலது காலை ஊன்றித் திரும்பினேனா... உள்ளே ஏதோ நழுவியது. முட்டி மடங்கிவிட்டது. என் தோள் இறங்க, தண்டு சாய, மணல் மூட்டைகள் சரிந்து விழுந்தன. ஒன்று என் பாதத்துக்குப் பக்கத்திலேயே வந்து விழுந்து வெடித்தது. குப்புசாமி பல்லைக் கடித்துக்கொண்டு தன் பக்கத்தைத் தாங்கியதால் யாருக்கும் அடி இல்லை.

எல்லோரும் கொட்டிக் கிடந்த மணலைத்தான் பார்த்தார்கள். மணலுக்குப் பதில் மேலே வேறு ஒருவர் இருந்திருந்தால்... என்று நினைத்தார்கள். நானும் அதைத்தான் நினைத்தேன்.

எங்களுக்குக் கால் வைக்கிற அடவு சொல்லி நடத்துகிறவர் செவிலிமேட்டு ரங்கசாமி அண்ணன். நிலபுலம் உள்ள மனுஷர், கோபமே வராது. அன்றும் வரவில்லை. "மாஸ்டர், இந்த வருஷம் நீ கூட நடந்து வாபா. போதும்" என்றார். அப்புறம் குப்புசாமி பக்கம் திரும்பினார். "உனக்கு மட்டம் ஒத்துப்போற ஆளு வேணுமேபா. பாக்கறேன். கெடைக்கலைன்னா... அடுத்த வருஷம் பாத்துக்கலாம்."

கிடைக்காது என்பது எல்லோருக்கும் தெரியும். குப்புசாமி ஒரு வார்த்தை என்னைக் குறை சொல்லவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தான். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது எனக்கு.

வீட்டுக்கு வந்து அடுப்படியில் உட்கார்ந்தேன். என் மனைவி கமலா தோசை வார்த்துக்கொண்டிருந்தாள். நடந்ததைச் சொன்னேன்.

"வலிக்குதுன்னு அங்க யார்கிட்டயாவது முன்னாடியே சொன்னீங்களா?"

"தண்டுக்குக் கீழே நின்னுக்கினு அந்தப் பேச்சு பேசக் கூடாது கமலா."

"சரி. இங்க தண்டு எங்க இருக்குது? அடுப்புதான் இருக்குது. எங்கிட்ட சொன்னீங்களா? படுத்தா கால மாத்தி மாத்திப் போட்டுக்கினு பொரளுறீங்களே, எனக்குத் தெரியாதா? வாயத் தொறந்தா முத்து உதிர்ந்துடுமா?"

தோசை கருகியது. அவள் திருப்பவில்லை. பதில் வருகிற வரைக்கும் திருப்புவதில்லை என்ற முடிவோடு நின்றாள்.

"வலிக்குது கமலா" என்றேன்.

இத்தனை வருஷத்தில் முதல் தடவை. சொன்னதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. தடிமாடு மாதிரி வளர்ந்த ஆள், தோசைக் கல்லுக்கு முன்னால் உட்கார்ந்து அழுதேன். வெட்கமாக இருந்தது. ஆனாலும் நெஞ்சு லேசாகிவிட்டது.

அவள் கல்லை இறக்கி வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள். "எங்க வலிக்குது?"

"முட்டியில."

"அது தெரியுது. முட்டியில எந்தப் பக்கம்? எப்போ? உக்காந்தாலா, ஏந்திரிச்சாலா, நடந்தாலா?"

என் முட்டியிடம் நான் இந்தக் கேள்விகளைக் கேட்டதே இல்லையே! பஸ்கி எடு, பஸ்கி எடு என்று ஆர்டர் போட்டதோடு சரி. ஆர்டர் போட்டுப் பழகியவனுக்குக் கேள்வி கேட்கத் தோன்றுமா?

மறுநாள் காலை கோதாவுக்குப் போகவில்லை. வீட்டுக் கொல்லையிலேயே பரீட்சை ஆரம்பித்தேன். முழுக்கக் குந்தினால் வலி. ஊன்றிய காலைத் திருகினால் உயிர் போகிற வலி. பாதி மடக்கினால் வலி இல்லை. நீட்டினால் இல்லை. நேராக நடந்தால், அவ்வளவாக இல்லை. அட, இவ்வளவுதானா? முட்டியில் கெட்டுப்போனது இரண்டே இரண்டு காரியம். நான் அந்த இரண்டையும்தான் வருஷக்கணக்காக விடாமல் செய்திருக்கிறேன்!

ஒரு பழைய பெஞ்சு கிடந்தது. அதன் கால்களுக்குக் கீழே செங்கல் அடுக்கி உயர்த்தினேன். அதில் மெதுவாக உட்காருவது, கை ஊன்றாமல் மெதுவாக எழுந்திருப்பது. அவ்வளவுதான் பயிற்சி. பழகப் பழக ஒவ்வொரு அடுக்காகச் செங்கல்லை எடுத்துவிடுவது. கர்லாக் கட்டையைத் தூக்கிச் சுழற்றியவன், அதை நெஞ்சோடு குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்து எழுந்தேன். அப்புறம் மல்லாந்து படுத்து, கணுக்காலில் மணல் பையைக் கட்டிக்கொண்டு காலை நீட்டியபடியே தூக்குவது. முட்டிக்கு மேலே தொடை, அதற்கு மேலே இடுப்பு... அக்கம்பக்கத்தார் பலமாக இருந்தால் நடுவில் இருக்கிற நோஞ்சான் பிழைத்துக்கொள்வான் என்று ஒரு கணக்கு.

கோதா சிநேகிதர்கள் வந்து பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார்கள். "இன்னா மாஸ்டர், இது தேகப் பயிற்சியா, பிள்ளைத்தாச்சி பயிற்சியா?" கமலாவும் லேசுப்பட்டவளா? "பெஞ்சுக்கு நல்ல பயிற்சி. கெட்டிப்பட்டுக்கினு வருது" என்றாள்.

எல்லாம் நேர்க்கோட்டில் போகவும் இல்லை. நடுவில் கொஞ்சம் தேறியதும் தலைக்கனம் வந்தது. பாலாற்று மணலில் ஓடினால் கால் உரமேறும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு ஓடினேன். மணல் எந்தப் பக்கம் நழுவும் என்று மணலுக்கே தெரியாது. முட்டி திருகிக்கொண்டது. கொழுக்கட்டை மாதிரி வீங்கி, நொண்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போனேன். போனது போனதுதான், அது திரும்பி வராது என்று டாக்டர் சொன்னது அன்றைக்குத்தான் உறைத்தது. மனசு கஷ்டமாகத்தான் இருந்தது. வீக்கம் வடிந்ததும் மறுபடி பெஞ்சு.

ஒரு நாள் காலை, குப்புசாமி வந்து கொல்லைக் கதவருகே நின்றான்.

"தெருவெல்லாம் சிரிக்குது மாஸ்டர். இன்னாதான் பண்றீங்கன்னு பாக்க வந்தேன்."

பார்த்தான். நான் உட்கார்ந்து எழுவதை ரொம்ப நேரம் பார்த்தான். அப்புறம் மெதுவாகக் கேட்டான். "ஆவுமா மாஸ்டர்?"

"முட்டி ஆகாது குப்புசாமி. ஆனா தூக்கறதுக்கு ஆகும்னு நெனைக்கிறேன்."

அன்று சாயங்காலமே இருவரும் ஓரிக்கைக்குப் போனோம். என் இடத்தில் நிறுத்த ரங்கசாமி அண்ணனுக்கு இன்னும் ஆள் கிடைக்கவில்லை. தண்டு மணல் மூட்டைகளோடு தரையில் கிடந்தது. எல்லோரும் சுற்றி நின்றார்கள். கோயில் காரியத்தில் வாயைத் திறந்து இதைச் சொன்னவன் எவனும் கிடையாது.

"அண்ணே, எனக்கு வலது முட்டி போச்சு. வலிக்குது. முழுசாக் குந்த முடியாது, ஊனின கால வலது பக்கம் திருப்ப முடியாது. மத்ததெல்லாம் முடியும்."

ரங்கசாமி அண்ணன் முகம் சுருங்கியது. "தண்டத் தொட்டுக்கினு பேசற பேச்சாபா இது?"

"மேல இருக்கிறது மணல் அண்ணே."

அவர் மூட்டையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். திடீரென்று துண்டை விரித்து மணலில் உட்கார்ந்துவிட்டார்.

"எனக்கு எடது தோளு" என்றார். "மேல ஏறாது. சன்னதியில நெஞ்சுல ஒரு கைய வெச்சிக்கினு நிக்கறேனே, ரெண்டு கையும் தூக்கிக் கும்புட முடியாமதான் நிக்கறேன். நீங்கள்லாம் இன்னாடான்னா பக்தி ஜாஸ்தின்னு நெனச்சிக்கினு கீறீங்க."

ஒருவன் களுக்கென்று சிரித்தான். அப்புறம் மடை திறந்த மாதிரிதான். எனக்குக் கணுக்கால், எனக்கு இடுப்பு, எனக்குப் பின்கழுத்து... குப்புசாமியும் தலையைச் சொறிந்தான். "எனக்கு வலது தோள் மூட்டு. நாளெல்லாம் தறியில நாடா இழுக்கிற கை. அதுலயேதான் தண்டும் உக்காருது. வேண்டுதல் ஆச்சேன்னு சொல்லல."

ரங்கசாமி அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். "அடப்பாவிங்களா! முழு மூட்டு எத்தினிபா கீது இந்தத் தண்டுல?"

சிரிப்பு அடங்கியதும் கேட்டார். "வலது பக்கம் திரும்ப முடியாதுன்னியே மாஸ்டர். அங்கதானே இடிக்குது? வீதிக்கு ஒரு மூலை இருக்குதே."

கட்டைவிரலால் மணலில் நான்கு வீதியையும் கோடு போட்டேன். கோயிலிலிருந்து புறப்பட்டு, பிரதட்சிணமாக, முதல் மூலை வலது. இரண்டாவது மூலை வலது. மூன்றாவது... பெருமாள் ஒரு நாளும் இடது பக்கம் திரும்புவதே இல்லையே! திரும்புகிற இடத்தில் வலது தண்டுக்காரன் நின்ற இடத்திலேயே காலைத் திருக வேண்டும். இடது தண்டுக்காரனுக்கோ திருகல் கிடையாது, வெளிப்பக்கமாக அகலக் கால் வைத்து நடந்து வந்தால் போதும். நாள்தோறும் 'ரைட் டர்ன்' என்று கத்துகிற எனக்கு இது தெரிந்திருக்க வேண்டாமோ? கத்துகிறவன் திரும்ப வேண்டியதில்லை. டிரில் மாஸ்டர் உத்தியோகத்தில் உள்ள ஒரே சுகம் அது.

"குப்புசாமி! நீ இந்தப் பக்கம் வா. நான் அந்தப் பக்கம் போறேன்."

அவன் வலது தண்டுக்கு வந்தான். அந்தப் பக்கம் நின்றால் தண்டு இடது தோளில் உட்காரும். நாடா இழுத்து நைந்த தோளுக்கு விடுதலை! எனக்கும் திருகலிலிருந்து விடுதலை. தரையிலிருந்து தூக்குகிற வேலையை முழங்கால் சரியாக உள்ளவர்கள் எடுத்துக்கொண்டார்கள். தண்டை நிறுத்தி வைக்கிற முட்டுக் கோலின்மேல் அது ஏறியதும் நான் குந்தாமல் தோள் கொடுத்தால் போதும் என்று ஏற்பாடு. அன்று மாலை பாதிப் பேர் இடம் மாறி நின்றோம். ரங்கசாமி அண்ணன் புதுச் சட்டமே போட்டார். "மணல் ஏறினா வாயத் தொறங்க. பெருமாள் ஏறினா மூடுங்க."

கருட சேவை அன்று விடிகிற நேரம். குடை விரிந்தது, நாதஸ்வரம் எழும்பியது. முதல் மூலை வந்தது. அகலக் கால் வைத்தேன். வந்துவிட்டேன். இரண்டாவது மூலையும் அப்படியே. மூன்றாவது மூலையில் வாசல் தெளித்த ஈரத்தில் பாதம் கொஞ்சம் வழுக்க, முட்டியில் சுரீர் என்றது. ஐயோ, போச்சு என்று நினைத்தேன். ஆனால் மடங்கவில்லை. தொடை பிடித்துக்கொண்டது. பெஞ்சே, நீ நன்றாக இருக்க வேண்டும் என்று மனசுக்குள் கும்பிட்டுக்கொண்டேன்.

நான்காம் வீதியில் குப்புசாமி வீட்டு வாசலில் வாகனம் நின்றது. அவன் மனைவி ஒரு கையில் குழந்தையும் ஒரு கையில் கற்பூரத் தட்டுமாக நின்றாள். குழந்தை வாகனத்தைப் பார்க்கவில்லை. மேளச் சத்தத்துக்கு மிரண்டு வீறிட்டது. தண்டுக்கு அந்தப் பக்கம் குப்புசாமி விசும்புவது எனக்குக் கேட்டது. இரண்டு கையும் தண்டில் இருந்ததால் கண்ணைக்கூடத் துடைக்க முடியவில்லை அவனால். எனக்கு அவ்வளவு ஆனந்தம், முட்டி என்று ஒன்று இருப்பதே சற்று நேரம் மறந்துபோயிற்று.

அப்புறம் நினைவுபடுத்தியது. மறுநாள் வீங்கியிருந்தது. கமலா ஈரத்துணி கட்டினாள். அது அப்படித்தான், இனிமேலும் அப்படித்தான். மாடிப்படியில் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் இறங்குவேன். வாசகர் சிரித்துக்கொள்ளட்டும்.

வீக்கம் வடிந்த அன்று காலை கொல்லைக் கதவை யாரோ தட்டினார்கள். திறந்தால் குப்புசாமி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நிற்கிறான்.

"இன்னா மாஸ்டர், இன்னிக்குப் பெஞ்சு இல்லியா?"

"அதான் வேண்டுதல் முடிஞ்சிடுச்சேபா. இன்னும் எதுக்கு?"

அவன் என்னைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்து பெஞ்சில் உட்கார்ந்தான்.

"வேண்டுதல் முடிஞ்சிடுச்சு மாஸ்டர். பொண்ணு வளர்ந்துக்கினு இருக்காளே, தூக்க வேணாமா?"